நெட்டப்பாக்கத்தின் ஒற்றைக்கொம்பு காணாமல் போனது தொடர்பாக

அனுப்புநர்:
நெட்டப்பாக்கத்தில் டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன் செய்து பிழைக்கும் ஒருவன்.

பெறுநர்:
உயர்திரு கணினிப் பிரிவு அதிகாரி அவர்கள்,
பெயர் சொல்லி வம்பில் மாட்ட விரும்பாத ஒரு துறை,
புதுச்சேரி.

பொருள்: எங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலுள்ள ஒற்றைக்கொம்பு தங்கள் திரையில் இடம்பெயர்ந்தது, அதற்காக மனுதாரரைத் திருப்பி அனுப்பியது ஆகியவை தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஜன்னலில் ஒட்டியுள்ள "எழுத்துப் பிழையுள்ள மனுக்கள் ஏற்கப்பட மாட்டாது" என்னும் அறிவிப்பு. ("மனுக்கள்" என்றால் "மாட்டா" என்று முடிய வேண்டும். அதற்கு வேறொரு மனு போடுகிறேன்.)

ஐயா,

1954இல் புதுச்சேரி நகரம் யோசித்துக்கொண்டிருந்தபோதே பிரெஞ்சு ஆட்சியை உதறிவிட்டு வந்த ஊர் எங்களுடையது. அரசியல் தலைவர் குபேர் தற்காலிக அரசை அமைத்ததும் இங்கேதான். பிரெஞ்சுக்காரனிடமிருந்து மீட்ட ஊரை இப்போது பிடிஎஃப்பிடமிருந்து மீட்க வேண்டியிருப்பதால் இந்த மனு.

எங்கள் தெரு ஆயா ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு அடித்துத் தரச் சொன்னார். அடித்தேன். பிடிஎஃப் ஆக்கினேன். அலுவலகத்தில் கேட்டபடி சாஃப்ட் காப்பியும் அனுப்பினேன். தங்கள் ஊழியர் ஒருவர் அதிலிருந்து முகவரியைக் காப்பி செய்து தங்கள் பதிவேட்டில் பேஸ்ட் செய்திருக்கிறார். போட்ட மாத்திரத்தில் அது "ெநட்டப்பாக்கம் ெகாம்யூன்" ஆகிவிட்டது. அதை அவரே பிரிண்ட் எடுத்து, அவரே சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ஊர்ப் பெயர் பிழை, திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று எழுதி ஆயா கையில் கொடுத்துவிட்டார்.

"கல்யாணம் ஆன நாளா இந்த ஊர்லதான் இருக்கேன் தம்பி. இப்ப ஊரே தப்புங்கறாங்க. இனிமே நான் எந்த ஊருக்குப் போறது?" என்று கடை வாசலில் நின்றார் ஆயா. என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

(மேலே அந்தப் பிழையான வடிவத்தை வேண்டுமென்றேதான் அடித்திருக்கிறேன். தாங்கள் எந்தக் கருவியில் படிக்கிறீர்களோ அதைப் பொறுத்து, கொம்பின் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். "எனக்கு எழுத்தே இல்லாமல் என்னை ஏன் நிறுத்தினாய்" என்று கொம்பு கேட்பதற்கு அந்த வட்டம்தான் அடையாளம்.)

தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடங்கள். அதில் "நெ" என்ற எழுத்துக்கென்று ஓர் இடம் கிடையாது. "ந" ஒன்று, அதற்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு ஒன்று, அவ்வளவுதான். பின்னால் இருக்கும் கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது அந்தந்தக் கணினியின் வேலை. விண்டோஸில் அதை வெகுகாலம் யூனிஸ்கிரைப் என்றொரு நிரல் செய்தது. மேக்கில் கோர்டெக்ஸ்ட் செய்கிறது. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃப்பஸ். "கொ"வுக்கு இன்னும் சிரமம். எங்கள் கொம்யூனை இரண்டு பக்கமும் தமிழ்நாடு பிடித்துக்கொண்டிருப்பது போல, "க"வை ஒரு பக்கம் கொம்பும் மறு பக்கம் காலும் பிடித்திருக்கின்றன. பார்வைக்குக் கொம்பு முதலில் நின்றாலும் கணக்கில் "க"தான் முதல். பிடிஎஃப்போ பெரும்பாலும் படம் வரைந்த வரிசையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து காப்பி செய்தால் முதலில் நின்ற கொம்பே முதலில் வரும். பிழை ஆயா செய்ததல்ல, நான் செய்ததுமல்ல. தங்கள் ஊழியரின் சுட்டெலி செய்தது.

பழைய எக்ஸ்பி கணினி இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அங்கே கதை நேர் எதிர். சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று செட்டிங்ஸில் ஒரு டிக் போட வேண்டும். உடனே அது சிடி கேட்கும். சிடி பீரோவில் இருக்கும், பீரோ சாவி மாற்றலாகிப் போனவரிடம் இருக்கும். டிக் போடாவிட்டால் கொம்பை முன்னால் அழைத்துவர ஆள் இல்லை. "ந" அநாதையாக நிற்க, கொம்பு அடுத்து வரும் "ட்"டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆக, ஒரே ஊர் ஒரு மேசையில் கொம்பை முந்தவிட்டும் இன்னொரு மேசையில் பிந்தவிட்டும் நிற்கும்.

இது தவிர, பிழையே இல்லாமல் வேறுபடுவதும் உண்டு. அதையும் தாங்கள் பிழை என்கிறீர்கள். கடையில் தினம் பார்க்கிறேன். விண்டோஸ் 2000த்தோடு வந்தது லதா எழுத்துரு. அகலமாகக் கால் நீட்டி உட்காரும். விண்டோஸ் 8இல் நிர்மலா வந்தார், இவர் ஒடுக்கம். விண்டோஸ் 10இல் லதாவைக் கேட்டால்தான் தருவார்கள், தானாக வராது. என் அண்ணன் மகன் காலேஜுக்கு வாங்கிய மேக்கில் இணைமதியும் தமிழ் சங்கம் எம்என்னும் இருக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தவை, எம்என் என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். லினக்ஸில் லோகித், ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ. எழுத்துரு ஒன்றேயானாலும் பூச்சு வேறு. விண்டோஸ் ஒவ்வொரு கோட்டையும் திரையின் புள்ளிக் கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்கப் பார்க்கும், எழுத்து கம்பி மாதிரி கூர்மையாக நிற்கும். மேக் வரைந்தவன் வரைந்த வளைவைக் காப்பாற்றும், ஓரம் கொஞ்சம் புகைந்தாலும் பரவாயில்லை என்று விடும். அண்ணன் மகன் மேக்தான் அழகு என்கிறான். கடைப் பையன் விண்டோஸ்தான் தெளிவு என்கிறான். என்னைக் கேட்டால், தங்கள் அலுவலகத்தில் இருப்பது போன்ற மலிவான மானிட்டரில், சின்ன அளவில், "ண"வின் சுழிகளை எண்ணிப் பார்க்க விண்டோஸ்தான் உதவும். நல்ல திரை இருந்தால் மேக். ஆனால் இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல நான் யார், சுழி மூன்றா இரண்டா என்று பார்த்து மனுவைத் திருப்பும் அதிகாரம் தங்களுக்கல்லவா இருக்கிறது.

இதன் விளைவு ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிர்மலாவில் கச்சிதமாக ஒரே பக்கத்தில் அடங்கிய மனுவை லதாவில் திறந்தால், வரி நீண்டு, பத்தி இறங்கி, "இப்படிக்கு" மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தாவிவிடும். "கையெழுத்து தனிப் பக்கத்தில் இருந்தால் ஏற்க முடியாது" என்றார் தங்கள் ஊழியர். எந்தப் பக்கம் என்பதை மனுதாரர் தீர்மானிக்கவில்லை சார், எழுத்துரு தீர்மானித்தது என்றேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, எங்க சிஸ்டத்துல அப்படித்தான் தெரியுது" என்றார். தத்துவார்த்தமாக அவர் சொன்னது முழு உண்மை.

தாங்கள் எங்களுக்கு அனுப்பும் படிவங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவை பாமினி என்னும் எழுத்துருவில் அடித்தவை. பாமினி தமிழ் எழுத்தல்ல, ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ்ச் சட்டை. சட்டை இல்லாத போனில் திறந்தால் எங்கள் ஊர் இப்படி வரும்: என், ஈ, எல், அரைப்புள்ளி, எல், ஜி, அரைப்புள்ளி, ஜி, ஹெச், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. ஓர் ஊர்ப் பெயருக்குள் நான்கு அரைப்புள்ளி. இந்த மாதிரி ஆளுக்கொரு குறியீடு வைத்துக்கொண்டது போதும் என்று 1999 பிப்ரவரியில் சென்னையில் ஒரு மாநாடே கூட்டினார்கள். அங்கே பிறந்தவை டாம், டாப் என்ற குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடுதான் இனி என்று ஆணை போட்டது, கூடவே டேஸ் 16 என்று ஒன்றையும் ஏற்றது. அந்த டேஸில் "நெ"வுக்குத் தனி எண்ணே உண்டு, கொம்பு ஓட வழியில்லை. ஆனால் போன்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊரிலிருந்து தமிழ்நாட்டு எல்லை சைக்கிள் மிதிக்கும் தூரம். யூனிகோடு ஆணை மட்டும் தங்கள் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ.

இனிமேல்தான் நான் உண்மையில் கவலைப்படும் விஷயம். கௌரி என்ற பெயரை இரண்டு விதமாக அடிக்கலாம். "க"வுக்கு ஔகாரக் குறி ஒன்றைப் போடலாம். அல்லது "கெ" அடித்து, பக்கத்தில் "ள" என்ற எழுத்தையே வைத்துவிடலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர், ஒருவர் கௌரி, இன்னொருவர் கெளரி. "ஸ்ரீ"யும் அப்படித்தான். 2005இல் யூனிகோடு "ஶ" என்றொரு எழுத்தைச் சேர்த்தது. சில விசைப்பலகைகள் அதை வைத்து "ஶ்ரீ" போடுகின்றன, சில பழையபடி "ஸ" வைத்துப் போடுகின்றன. திரையில் பெரும்பாலும் ஒரே உருவம். தங்கள் ஊழியர் பட்டியலில் தேடுகிறார், "பேரு இல்லீங்க" என்கிறார். பேர் அங்கேதான் இருக்கிறது. அவர் கண்ணெதிரே, அவர் தேடிய அதே உருவத்தில், வேறு எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிழைக்குத் தங்கள் அலுவலகத்தில் யாரும் சிவப்பு மையில் வட்டம் போட்டதில்லை. உள்ளே ஒன்றாக இருப்பது திரையில் இரண்டாகத் தெரிந்தால் திருப்பி அனுப்புகிறீர்கள். உள்ளே இரண்டாக இருப்பது திரையில் ஒன்றாகத் தெரிந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

காகிதத்தில் தாங்கள் இவ்வளவு கறார் காட்டியதில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் "லை"யும் "னை"யும் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட பத்திரத்தின் ஜெராக்ஸை என் கடையில் எடுத்து வாரம் தவறாமல் தங்களிடம் கொண்டுவருகிறார்கள். யானை தெரிகிறது என்று எந்தப் பத்திரத்தையும் தாங்கள் திருப்பியதில்லை. பக்கத்துப் பாகூரில் கிடைத்த செப்பேடு 9ஆம் நூற்றாண்டு, நிருபதுங்கவர்மன் காலத்தது. அதில் ஊர்களின் பெயர் எழுதியிருக்கும் விதத்தைத் தங்கள் ஊழியர் பார்த்தால் பல்லவ மன்னனையே "திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று அனுப்பிவிடுவார்.

எனவே அடியேன் பணிந்து கோருவது யாதெனில்:

பெயரில் எழுத்து மாறியிருந்தால் "இருவரும் ஒருவரே" என்று ஒரு சான்றிதழ் வாங்கிவரச் சொல்வது நம் நாட்டு வழக்கம். அதே முறையில், மேலே கண்ட இரண்டு நெட்டப்பாக்கங்களும் ஒரே நெட்டப்பாக்கம்தான் என்று தாங்களே ஒரு சான்றிதழ் வழங்க வேண்டும். முத்திரைத்தாள் நான் வாங்கித் தருகிறேன். நோட்டரியும் பார்த்து வைத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு "ட்"டும் "பா"வும் வரத் தயார். சம்பவம் நடந்தபோது அவை பக்கத்தில்தான் நின்றிருந்தன, இடத்தை விட்டு அசையவில்லை.

அது விதியில் இல்லை என்றால் ஊர்ப் பெயரை மாற்றிவிடுங்கள். 2006இல் பாண்டிச்சேரியையே புதுச்சேரி ஆக்கியவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. (அப்போதே யோசித்து "சே"யின் இரட்டைக்கொம்பையும் ஒழித்திருக்கலாம். யூனியன் பிரதேசத்தின் பெயரே பிடிஎஃப்பில் காப்பி செய்தால் நொண்டுகிறது.) முன்கொம்பு இல்லாத ஊர்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கின்றன பாருங்கள்: பாகூர், வில்லியனூர், ஏம்பலம், கரியமாணிக்கம், கல்மண்டபம். மடுகரைக்கு வாலில் மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். பண்டசோழநல்லூருக்கு நடுவயிற்றில். தலையிலேயே அடி வாங்குவது நாங்கள்தான். பெயர் மாறினால் "கொம்யூன்" என்ற சொல்லையும் கையோடு எடுத்துவிட வேண்டும், அதிலும் முதல் எழுத்தே வினை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதில் சரிவராத சாமான் இது ஒன்றுதான்.

இரண்டும் முடியாது என்றால் கடைசியாக ஒரு வழி. செலவில்லாதது, அதனால் அனுமதி கிடைக்குமா என்று சந்தேகம். ஊர்ப் பெயரைக் காப்பி செய்யாமல் தங்கள் ஊழியர் கையாலேயே அடிக்கலாம், எட்டே எழுத்துதான், அதிலும் நான்கு புள்ளி வைத்தவை. படிவங்களை யூனிகோடில் அனுப்பலாம். பெயர் தேடும்போது "கௌ", "ஸ்ரீ" இரண்டையும் இரண்டு விதமாகவும் தேடிப் பார்க்கலாம். ஆயாவுக்கு உதவித்தொகையும் வந்து சேரும்.

தங்கள் மேலான உத்தரவை எதிர்நோக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து இந்தப் பக்கத்தில் இல்லையென்றால் அடுத்த பக்கத்தில் பார்க்கவும்)

இணைப்பு: ஆயாவின் மனு, சிவப்பு வட்டத்துடன். அதே மனு ஆயாவின் பேத்தி பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது, இதற்கு எந்த இயங்குதளமும் தேவையில்லை. இந்தக் கடிதத்தின் பிடிஎஃப், காப்பி செய்ய வேண்டாம்.