ஒழுகுகிற வரைக்கும் உள்ளே இருக்கிறது

பழைய பிக்கப் ஓடுகிறவர்களிடம் அசைக்க முடியாத ஒரு வாதம் உண்டு. ஒயில் ஒழுகுகிறதென்றால் உள்ளே ஒயில் இருக்கிறது. ஒழுக்கு நின்றால்தான் பயப்பட வேண்டும். தர்க்க சாஸ்திரப்படி இதில் ஒரு பிழையும் கிடையாது. அதனால்தான் இதைச் சொல்லி முடித்த கையோடு வண்டிக்கடியில் ஒரு காட்போட் மட்டையைத் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட முடிகிறது. என் கட்சி வேறு. ஓட்டை விழுந்த ஒயில் சம்பை ஒட்டியும் பூசியும் காலம் தள்ளக்கூடாது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். சுற்றாடல் பற்றோ, வாகன பக்தியோ இதற்குக் காரணமல்ல, சுத்தமான கஞ்சத்தனம்தான். கஞ்சர்கள் ஒழுங்காகக் கணக்குப் பார்த்திருந்தால் ஊரில் முதலில் சம்ப் மாற்றியவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

கதிரவெளியில் சம்ப் துருப்பிடிப்பது அதிசயமல்ல, பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். கிழக்கே கடல், வடக்கே வெருகல் ஆறு, தெற்கே போனால் பனிச்சங்கேணி உப்பாறு. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில் மட்டும் ஓடினாலும் உப்புக்காற்று விடாது. கரைவலை இழுக்கிற இடத்துக்கே இறங்கி மீன்பெட்டி ஏற்றுகிற பிக்கப்பின் கதையைச் சொல்லவே வேண்டாம். அடியில் ஒட்டிய ஈரமணல் காய்வதற்குள் மறுநாள் மணல் வந்துவிடும். சம்ப் என்பது மெல்லிய இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த தொட்டி. உள்பக்கம் முப்பது வருடம் போனாலும் ஒயிலில் ஊறிப் பளபளவென்றிருக்கும். வெளிப்பக்கமோ பெயின்ற் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கையோடு வரும். போதாததற்கு, அவசரத்தில் ஜக்கை நேரே சம்புக்கடியில் கொடுத்துத் தூக்குகிற மகான்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனாலும் சம்புக்கு முதலில் நியாயம் வழங்க வேண்டும். மேலே ரொக்கர் கவர் கஸ்கட் போனாலும், கிராங் சீல் போனாலும், ஒயில் பில்ற்றர் சரியாக இறுகாவிட்டாலும் ஒயில் வழிந்து வந்து சொட்டுகிற இடம் சம்பின் அடிதான். கீழே கிடப்பவன்மீது பழி போடுவது நமக்குப் பழகிய காரியம் என்பதால் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, மெல்லிதாக பவுடர் தூவி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் எந்த இடத்தில் பவுடர் முதலில் கறுக்கிறதோ அதுதான் குற்றவாளி.

குற்றவாளி சம்ப்தான் என்று வைத்துக்கொள்வோம். “சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது” என்பார்கள். ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி என்று பிடித்தால், பத்து செக்கனுக்கு ஒரு துளி ஒரு நாளைக்கு 8,640 துளி. அதாவது 432 மில்லிலீற்றர். பத்து நாளில் நாலு லீற்றர் தாண்டிவிடும். இந்த வகைப் பழைய டீசல் எஞ்சின் மொத்தமாகக் குடிப்பதே ஐந்தாறு லீற்றர்தான். இதுவும் நிற்கும்போது உள்ள கணக்கு. ஓடும்போது சூட்டில் ஒயில் இளகிவிடும், துளி தாரையாகும். “சிவப்பு விளக்கு எரிந்தால் ஊற்றுவோம்” என்று சிலர் காத்திருக்கிறார்கள். அந்த விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதல்ல, அமுக்கத்தைக் காட்டுவது. அது எரிகிற நேரத்தில் பெயாரிங்குகள் ஏற்கெனவே உலர்ந்த தொண்டையோடுதான் சுழன்றுகொண்டிருக்கும். எஞ்சின் பிரிக்கிற செலவில் எத்தனை சம்ப் வாங்கலாம் என்பதைக் கஞ்சர்கள் சாவகாசமாக வகுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது வைத்தியம். பெற்றோல் ராங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பது நல்ல பழைய வித்தை. பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. ஆனால் சம்ப் சூடேறுகிற இடம், சவர்க்காரம் அங்கே இளகி ஒயிலோடு கைகோத்து இறங்கிவிடும். இரண்டு மாவைப் பிசைந்து ஒட்டுகிற எபொக்சி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தகடு சுத்தமாக இருந்தால். உள்ளேயிருந்து ஒயில் கசிந்துகொண்டேயிருக்கும் துருத்தகடு எப்போது சுத்தமாக இருந்தது? சரி, வெல்டிங்? அதற்கு எப்படியும் சம்பைக் கழற்ற வேண்டும். அரித்த தகட்டில் ஒரு ஓட்டையை அடைக்கப்போய்ப் பக்கத்தில் இரண்டு திறப்பது வெல்டிங்கின் சுபாவம். இந்த வேலையில் பணம் போவது சம்புக்கல்ல, சம்பை எட்டுவதற்கு. நாலு சில்லும் இழுக்கிற பல பிக்கப்களில் முன் அக்சில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கும். அதை இறக்க வேண்டும், அல்லது மவுண்ட்களைக் கழற்றி எஞ்சினை உயர்த்த வேண்டும். பாயை மாற்றுவதற்காக வீட்டையே தூக்குவது போன்ற வேலை. அவ்வளவு தூரம் போன பிறகு பழைய பாயையே திரும்ப விரித்தால் யார் கஞ்சர், யார் ஊதாரி?

“ஒழுகுகிற ஒயில்தான் சேசிஸைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறது” என்பது எதிர்க்கட்சியின் மிகச் சிறந்த வாதம். ஓரளவு உண்மையும்கூட. சம்புக்குப் பின்னால் இருக்கும் இரும்பெல்லாம் அந்தப் புண்ணியத்தில் வாழ்கிறது. ஆனால் சேசிஸுக்கு ஒயில் பூச வேண்டுமென்றால் கழிவு ஒயிலும் ஒரு பிறஷ்ஷும் போதும், அதை எஞ்சின் வழியாக அனுப்பத் தேவையில்லை. “பழைய வண்டிக்கு இதெல்லாம் எதற்கு?” என்ற வாதத்துக்கு அரசாங்கமே பதில் சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அதுவும் தலைசுற்றும் வரியோடு. அந்த ஐந்து வருடத்தில் பழைய ஹைலக்ஸ்காரர்கள் வீட்டில் இருக்கிறதைச் சொத்துப்பத்திரத்தோடு சேர்த்து எண்ணப் பழகிவிட்டார்கள்.

மாற்றுவதென்று முடிவானால் இரண்டு இடத்தில் மட்டும் தாராளத்தை அடக்க வேண்டும். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் சம்புக்கு கஸ்கட் கிடையாது, சிலிக்கன் பசைதான். விளிம்பில் பழைய பசையைத் தடமின்றிச் சுரண்டி, ஒயில் ஈரம் போகத் துடைத்து, மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே கோடாக இழுத்தால் போதும். குழாய் முழுவதையும் பிதுக்கினால் மிச்சம் உள்ளே பிதுங்கி, ஒரு நாள் ஒயில் உறிஞ்சுகிற வலையில் போய் அடைத்துக்கொள்ளும். போல்ட்டுகளும் அப்படியே. பலத்தைக் காட்டி முறுக்கினால் மெல்லிய விளிம்பு துளைக்குத் துளை குழிந்து, புதுச் சம்பும் முதல் நாளே சொட்டத் தொடங்கும். பசை இறுக ஓர் இரவு விட வேண்டும் என்பதுதான் வண்டிக்காரர்களுக்குப் பொறுக்காத பகுதி. விடிந்தால் மீன் ஏற்ற வேண்டும். அந்த ஒரு விடியலுக்கு யாருடைய பட்டா லொறியையாவது வாடகைக்குப் பிடித்தாலும் கஞ்சக் கணக்கு இடிக்காது.