கதவை ஒரு கை பார்த்தேன்

எங்கள் தெருவில் ஒருவன் நாள் முழுக்கத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஏனென்று கேட்க ஆளில்லை. கையில் பிரஷ்ஷைப் பிடித்துவிட்டால் போச்சு. போகிறவர் வண்டியை நிறுத்துவார், வருகிறவர் பையைக் கீழே வைப்பார். "பிரைமர் அடிச்சாச்சா?" என்பார் எதிர்வீட்டு அண்ணன். "தேக்குக்கு ஏதுய்யா பிரைமர், வார்னிஷ் போதும்" என்பார் ஓய்வு பெற்ற வாத்தியார். இருவரும் சண்டை போட்டபடியே என் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். பொங்கலுக்குள் வாசக்கதவுக்கும் திண்ணையின் மர அழிக்கும் நானே வார்னிஷ் அடித்துச் செலவை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லியிருந்தேன். பிடித்த மிச்சமெல்லாம் காப்பிப்பொடியில் போய்விட்டது என்பது மனைவியின் கணக்கு.

பெயிண்டரைக் கூப்பிடாமல் இல்லை. வந்தார், கதவை விரலால் தட்டிப் பார்த்தார், அழிக்கட்டைகளை எண்ணினார், கூலியைச் சொன்னார். எனக்கு மயக்கம் வந்தது. "அடிக்கிறதுக்கு இல்ல சார், சுரண்டுறதுக்குத்தான் காசு" என்றார். சுரண்டுவதை இவ்வளவு பகிரங்கமாக ஒப்புக்கொண்ட ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அனுப்பிவைத்தேன்.

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கதவில் மேலே சாக்லேட் நிறம், என் கல்யாணத்துக்கு அடித்தது. அதைச் சுரண்டினால் நீலம், சித்தப்பா வீட்டுப் பொறுப்பில் இருந்த காலம். அதற்கும் கீழே தாத்தாவின் பச்சை. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எவனும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிட்டு நல்ல பெயர் வாங்கியிருக்கிறான். அத்தனைக்கும் வட்டியோடு சேர்த்து நான் சுரண்டினேன்.

இதில் ஒரு விவகாரம் இருக்கிறது. அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தாத்தாவின் பச்சையைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசியை மூக்கில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும். மாஸ்க்கின் மேல் துண்டையும் கட்டிக்கொண்டு நிலைவாசலில் குந்தியிருந்த என்னைப் பார்த்துத் தபால்காரர், "வீட்டுல சார் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலை வாங்க அதன் பிறகு நான் பட்ட பாடு தனிக் கதை.

அழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருவில் நின்று பார்த்தால் வெறும் முப்பத்திரண்டு கட்டைகள். தேய்க்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம் உண்டென்று தெரியும். உப்புத்தாள் 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, 180 என்று ஏற வேண்டும். நம்பர் ஏற ஏற மணல் பொடியாகும், மனிதனும் அப்படியே.

கடைக்காரர் வார்னிஷ் எடுக்கும் முன் கேட்டது ஒரே கேள்விதான். "உள்ளுக்கா சார், வெளியவா?" கதவு உள்ளேயா வெளியேயா என்று நான் வேதாந்தமாக யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே விளக்கினார். மரத்தின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும், பெய்கிற மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் வெயில் பட்ட மரம் சாம்பல் பூத்து நிற்கிறது. உள்ளுக்கு அடிக்கிற வார்னிஷ்ஷை வெளியே அடித்தால் வெடித்துத் தோலாக உரியும். ஸ்டெயின் என்றால் நிறம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும், உரிய மேலே தோல் இருக்காது. "தேக்கு ரேகை தெரியணும்" என்பது மனைவியின் உத்தரவு. எனவே முதலில் ஸ்டெயின், அதன் மேல் வெளிப்புற வார்னிஷ் இரண்டு கை.

வேலைக்கு நான் தேர்ந்தெடுத்த மாதம் மார்கழி. வார்னிஷ் காய்வதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத மாதம் பஞ்சாங்கத்தில் ஐப்பசி, கார்த்திகைதான். ராத்திரி பனி, விடிவதற்குள் வாசல் தெளிக்கும் தண்ணீர். எண்ணெய் கலந்த வார்னிஷ் வெறுமனே உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுக வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் அது அவசரப்படாது. ஒட்டுகிற கதவைச் சாத்தவும் முடியாது. எனவே திறந்த வாசலுக்கு நானே காவலாகத் திண்ணையில் படுத்தேன். திருடன் வரவில்லை. கொசு வந்தது. காலையில் பார்த்தால் கதவின் மேல்பலகையில் ஒரு கொசு, ஆறு காலும் விரித்து, இறகு கலையாமல், பளபளவென்று பதிந்திருந்தது. என்னுடைய ரத்தம் வயிற்றில் சிவப்பாகத் தெரிந்தது. ரேகை மட்டும்தான் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு பெயிண்டர் அந்தப் பக்கமாக வந்தார். குறை சொல்லவில்லை. கொசுவைக்கூடப் பார்க்காத மாதிரி இருந்தார். "கதவோட அடியில அடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். தரையில் படுத்து விரலை விட்டுத் தடவினேன். சொரசொரவென்று வெறும் மரம். தண்ணீர் அங்கேதான் ஏறுமாம், நெட்டுக்கு நிற்கும் சட்டத்தின் வெட்டு வாய் உறிஞ்சு குழல் மாதிரி இழுக்குமாம். அடிக்க வேண்டுமானால் கதவைக் கழற்றிப் படுக்கப் போட வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். கூலியைக் கேட்டேன். பொங்கல் கழியட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி நிலைப்படிக்கு மஞ்சள் குழைத்துப் பூசினாள். அது திட்டுத் திட்டாகத் திரண்டு வழுக்கிக் கீழே இறங்கியது. மறுபடி பூசினாள், மறுபடி இறங்கியது. என் வார்னிஷ்ஷில் தண்ணீர் ஒட்டவில்லை! வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று துண்டைத் தோளில் போட்டேன்.

"ஏங்க, மஞ்சள் நிக்க மாட்டேங்குது. படியை மட்டும் கொஞ்சம் சுரண்டிக் குடுங்க."

80-ஆம் நம்பர் மிச்சம் இருந்தது.