பானெட் அண்ணாச்சி

பழைய கார் வைத்திருக்கும் அண்ணாச்சி வண்டியை நிறுத்தினால் அடுத்த காரியம் பானெட்டைத் திறப்பதுதான். பெட்ரோல் போட நிறுத்தினாலும் திறப்பார், துட்டி வீட்டு வாசலில் நிறுத்தினாலும் திறப்பார். கோளாறு இருந்தால் அதைப் பார்க்கத் திறப்பார். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று பார்க்கத் திறப்பார். திறந்ததும் எதையும் தொட்டுவிட மாட்டார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, எஞ்சினையே பார்த்தபடி நிற்பார். நாலு பேர் சேர்ந்த பிறகுதான் வேட்டியை மடித்துக் கட்டுவார். அதன்பின் டெல்கோ மூடி கழலும், பாயிண்டில் உப்புத்தாள் ஓடும், பிளக் வயர் ஒவ்வொன்றும் பிடுங்கப்பட்டு அதே இடத்தில் மாட்டப்படும். "வண்டில ஒண்ணும் இல்ல, கேட்டியளா. லேசா மிஸ்ஸிங். இப்பம் பாருங்க" என்பார். பார்ப்பார்கள். வெகுநேரம் பார்ப்பார்கள். வள்ளியூரில் மட்டும்தான் இப்படி ஓர் ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பணகுடியில் உண்டு, களக்காட்டில் உண்டு, நாகர்கோவிலில் தெருவுக்கு ஒருவர் உண்டு. வண்டி 1980ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசடர் என்பதும், வெளிர்நீலம் என்பதும், இடது பின்கதவை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும் என்பதும் பொதுவாகச் சொன்னவை.

"பாவம், வண்டி அடிக்கடி நின்றுபோகிறது" என்பது இவரைப் பற்றிய பொது அபிப்பிராயம். இதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. வண்டி தானாக நிற்பதாக இருந்தால் அதற்கு இடம் பார்க்கத் தெரியாது. நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் இருபக்கமும் உடைமரத்தைத் தவிர ஒன்றுமில்லாத பொட்டலிலும் அது சரிபாதி தடவை நின்றிருக்க வேண்டும். அங்கே அது நிற்பதே இல்லை. அறுபதில் சீராகப் போகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடை முன்னால், முருகன் கோயில் தேரோட்டத்தன்று ரதவீதி முனையில், கல்யாண மண்டபத்து வாழைமரத்துக்குக் கீழே என்று பார்த்துப் பார்த்து நிற்கிறது. பழுதாவதற்கு ஆள்கூட்டம் தேவை என்று எந்த மோட்டார் புத்தகமும் சொல்லவில்லை. வண்டி நன்றாக ஓடிய நாளில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்திருக்கும். திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிட்டால் மனிதர் வாடிப்போகிறார். "வண்டி ஜம்முன்னு வந்துட்டே அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால், "வந்துட்டு... ஆனா உள்ள ஒரு சத்தம் கேக்குல்லா?" என்று காதைத் தீட்டுகிறார். யாருக்கும் கேட்பதில்லை. இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுதான்: அண்ணாச்சிக்கு வேண்டியது ஓடுகிற கார் அன்று, திறக்கிற கார். ஓட்டம் என்பது ஒரு பானெட் திறப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே தவிர்க்க முடியாமல் வந்துவிடுகிற இடைவேளை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டிக்கு உண்மையான சீக்கும் உண்டு. பெட்ரோல் அம்பாசடரில் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கும். எஞ்சின் சுற்றும்போது உள்ளே ஒரு டயாப்ரம் மேலும் கீழும் அசைந்து பின்னாலிருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். சித்திரை வெயிலில், எஞ்சின் சூடும் சேர்ந்துகொண்டால், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை இழுக்கச் செய்த பம்ப் ஆவியை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா அசைந்துகொண்டிருக்கும். கார்புரேட்டர் பட்டினி கிடக்கும். வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நிற்கும். வேப்பர் லாக் என்று இதற்குப் பெயர். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிவைத்து, சூடு தணியும்வரை காத்திருந்தால் தீர்ந்தது. இதெல்லாம் சரி. ஆனால் ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தலில் அத்தனை பெரிய காற்றாடிகளைச் சுற்றிவிட்டு, மிச்சத்தை வள்ளியூருக்கு அனுப்பும் காலத்தில் வேப்பர் லாக் எங்கிருந்து வருகிறது? வருகிறது. அந்தக் காற்றில் திறந்த பானெட் பின்னால் மடங்கிக் கண்ணாடிமேல் விழாமல் இருக்க இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க, ஈரத்துணி கையிலிருந்தே பறந்துவிட, அண்ணாச்சி மட்டும் கலங்காமல் பம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காரணங்களுக்கும் அவரிடம் பஞ்சம் கிடையாது. 2000ஆம் ஆண்டு நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டபோது, "ஈயம் போச்சி, வால்வு போச்சி" என்றார். பழைய வால்வு சீட்டுகள் ஈயப் பூச்சை நம்பிச் செய்யப்பட்டவை என்பது உண்மைதான். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் வேலையை நிறுத்தியதும், சாமான் கிடைக்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆயிற்று. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் டயாப்ரத்தையும் அரிக்கும், ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் என்பதும் மெய்யே. ஒவ்வொரு காரணமும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளத் தக்கது. வண்டி மட்டும் ஈயம் இருந்தபோதும், சாமான் கிடைத்தபோதும், எத்தனால் வருவதற்கு வெகுகாலம் முன்பும் இதே பஸ் ஸ்டாண்டு முன்னால்தான் நின்றது.

அப்படியானால் அவர் ஏன் பழைய கார்க்காரர்கள் கூடுகிற இடங்களுக்குப் போகக்கூடாது என்று கேட்கலாம். போகத்தான் போகிறார், ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் போகிறார். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப்காரர்கள் பழைய கார்களைக் கூட்டிக் கண்காட்சி நடத்துகிறார்கள். டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இல் தொடங்கிய பேரணி பிரசித்தமானது. லண்டனில் நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், 1905க்கு முன் செய்த கார்கள் மட்டும் பிரைட்டன் கடற்கரை வரை ஓடுகின்றன. அந்தத் தூரம் ஏறக்குறைய வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்புகிற தூரம்தான். அதற்கே வழியெல்லாம் வண்டிகள் ஓரங்கட்டி நிற்க, ஜனங்கள் கம்பளிச் சட்டையோடு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் நம் அண்ணாச்சி உலகளாவிய ஒரு சாதியைச் சேர்ந்தவர் என்பது விளங்கும். பேரணி என்று பெயர் இருந்தாலும் அங்கே ஓடுகிற நேரம் கொஞ்சம். வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற நேரமே அதிகம். அவருக்கென்றே யாரோ ஏற்பாடு செய்த திருவிழா. இருந்தும் அவர் சென்னைக்குக் கிளம்புவதில்லை. 600 கிலோமீட்டருக்கு மேல் என்பது வெளியில் சொல்கிற காரணம். உள்காரணம் வேறு. அங்கே எல்லாருடைய பானெட்டும் திறந்திருக்கும். ரோல்ஸ் ராய்ஸும் பியூக்கும் நிற்கிற வரிசையில் ஒரு வெளிர்நீல அம்பாசடரின் எஞ்சினை எட்டிப் பார்க்க யாருக்கு அவகாசம்? வேடிக்கை காட்டுகிறவர் வேடிக்கை பார்க்கிறவராகிவிடும் ஆபத்து இருக்கிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறதே என்றால், "அது நல்லாத்தான் வச்சிருக்காவ" என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். அங்கே நிற்கிற கார்களின் பானெட்டைத் திறக்க அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் ஒரு பாரம்பரியத்தைக் காக்கிறார், அதைக் கேலி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அம்பாசடர் அப்படியொன்றும் அழிந்துபோன அபூர்வம் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சை வாங்கிவந்து, 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை, முன்கிரில்லையும் எஞ்சினையும் அவ்வப்போது மாற்றி, உடம்பை அநேகமாகத் தொடாமலே செய்துகொண்டிருந்தார்கள். கலெக்டரும் ஓட்டினார், டாக்சிக்காரரும் ஓட்டினார். ஆயினும் அரசாங்கமே இப்போது அண்ணாச்சி பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதலில் பதிவாகி 50 ஆண்டு கடந்து, அடிப்படை அமைப்பு மாறாமல் இருக்கிற வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். 2030இல் தம் வண்டிக்கும் அந்த யோகம் வரும் என்று அவர் இப்போதே சொல்லிவருகிறார். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. இதைக் கேட்டு வேறு எவரும் வருத்தப்படுவார்கள். அண்ணாச்சிக்கோ இந்த விதியால் ஒரு மாற்றமும் வராது. டீக்கடை முன்னால் நிறுத்தித் திறந்துவைத்தால் கண்காட்சி, குனிந்தால் பராமரிப்பு, ஏன் நின்றது என்று கூட்டத்தோடு விவாதித்தால் ஆராய்ச்சி. டெல்லியில் விதியை எழுதியவர் எப்போதோ வள்ளியூர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போயிருக்க வேண்டும்.

பழைய கார் சிக்கனம் என்கிற வாதமும் நிற்காது. மாதத் தவணை இல்லை என்பது சரி. ஆனால் 15 வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், லேத் பட்டறைக்கும் டிங்கரிங்குக்கும் கொடுப்பதைக் கூட்டினால் தவணையே தேவலை. ஆனால் அவர் பக்கம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. இன்றைய காரில் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. கோளாறு என்னவென்று வண்டிக்குச் சொந்தக்காரருக்கும் தெரியாது, கம்பெனிப் பையனுக்கும் தெரியாது. கம்ப்யூட்டரைச் செருகி அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு பெட்டியை மாற்றுகிறார்கள். அண்ணாச்சியின் 1489 சி.சி. எஞ்சினில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கண்டென்சர் போனால் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். டேப்பட் சத்தத்தையும் பேரிங் சத்தத்தையும் தெருமுனையில் வரும்போதே பிரித்துச் சொல்கிற காது இந்த வட்டாரத்தில் அவரோடும், அவர் வயதை ஒத்த இரண்டொரு மெக்கானிக்குகளோடும் முடிந்துவிடும். ஒரு பையன் வந்து "இது என்ன தாத்தா" என்று கேட்டால் கார்புரேட்டர் எப்படி மூச்சு விடுகிறது என்று அவர் சொல்லிக்கொடுப்பதை எந்த பாலிடெக்னிக்கிலும் அவ்வளவு அழகாகச் சொல்லித்தர மாட்டார்கள். அந்த வேளையில் அவர்மேல் கோபம் வருவதில்லை.

ஊர்ப் பெருமை பேசப்போய் அதையும் அவரே கெடுத்துக்கொள்கிறார். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்த திருக்குறுங்குடி வள்ளியூருக்குப் பக்கம்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவருடைய டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு உற்பத்திக் கருவி செய்து வண்டிகளை ஓட்டியது. "கரியில வண்டி ஓட்டுன ஊருல்லா இது" என்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்துவது அதை வைத்துத்தான். ஆனால் அய்யங்காரின் பஸ்கள் பேர் வாங்கியது நேரத்துக்கு வந்ததால். அந்தப் பகுதியை அவர் சொல்வதில்லை.

இனி இதில் வேடிக்கை இல்லை. பழைய காரை ஒருவர் தம் பொழுதுக்கு வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்தவர் பொழுதில் அல்லவா வைத்திருக்கிறார். அண்ணாச்சி தனியாகக் கார் எடுப்பதே இல்லை. ரயிலுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று யாரையாவது "ஏறு மாப்ளே, நான் கொண்டு விடுதேன்" என்று பிடித்து ஏற்றிக்கொள்கிறார். ஏறாமல் இருந்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மாமனோ பெரியப்பாவோ கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது, "இல்ல, ஆட்டோல போயிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தில் அடுத்த பொங்கலுக்குத் தலைகாட்ட முடியாது. அதுவும் அன்பாகத்தான் கூப்பிடுகிறார், காசு வாங்குவதில்லை. அதனாலேயே கேட்கவும் முடிவதில்லை. அடுத்த தெரு ஸ்டேஷனில் சென்னை ரயில் வந்து, நின்று, புறப்பட்டுப் போகிற சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டு, கையில் டார்ச் லைட்டோடு டெல்கோவுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்பதற்கு எந்த மருமகனும் கடமைப்பட்டவன் இல்லை. உதவி என்ற பெயரில் இது ஒரு வசூல். வயதுக்கும் உறவுக்கும் உள்ள மரியாதையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வது தப்பு, அவ்வளவுதான்.

இதில் மிக மோசமானது முகூர்த்த வண்டி. சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசடர்தான் என்று அவரே முடிவு செய்து, சம்பங்கி மாலையை பானெட்டில் கட்டிவிடுகிறார். பிறகு பானெட்டைத் திறக்க மாலையை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஒன்பதுக்குள் தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு பின்சீட்டில் வலது கதவுப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியே பம்புக்கு ஈரத்துணி தேடுகிறார்கள். மறுப்புச் சொல்ல முடியாது என்பதால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அம்பாசடருக்குப் பின்னால் ஒரு வேனைக் காலியாகவே வரச் சொல்லுங்கள். அது எதற்கு என்று அண்ணாச்சி கட்டாயம் கேட்பார். உள்ளே நாலு தண்ணீர் கேனையும் இரண்டு வாழைத்தாரையும் ஏற்றி, பந்திச் சாமான் போகிறது என்று சொல்லிவிடலாம்.