எழுபத்திரண்டில் ஒரு பங்கு

கண்டிப் பட்டணத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கனவான்களுக்குப் பொழுதுபோக்கு என்று அதிகமாக ஒன்றும் விதிக்கப்படவில்லை. அதிகாலையில் வாவியை ஒருமுறை சுற்றி வந்து, கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியில் தோப்புக்கரணம் போட்டு, பத்திரிகையை மரண அறிவித்தல்கள் ஈறாக வாசித்து முடித்தார்களானால் அன்றைய தினம் இனிது நிறைவெய்திவிடும். இந்த மூன்றிலும் அகப்படாத ஒரு சிறு இனமும் நம்மிடையே உண்டு: பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து, யுத்தகால விமானங்களைச் சிற்றுருவில் படைத்து, அவற்றுக்கு வர்ணம் தீட்டுவதிலே மிச்ச ஆயுளைச் செலவிடும் இனம். எனக்குப் பழக்கமான இத்தகையோர் சிலரை ஒன்றாகக் குழைத்து ஒரே மனிதராக்கிக்கொண்டு, அவரை நம்மவர் என்று அழைக்கிறேன். தம்மைத்தான் சொன்னதாக யாரும் கோபித்துக்கொள்ள இடமில்லை. கோபித்துக்கொள்கிறவர் எவரோ, அவரே நம்மவர்.

ஹந்தானைச் சரிவில், பின்கட்டு அறையொன்றில், விமானங்களை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி ஆக்குவது அவருடைய சம்பிரதாயம். ஏர்பிக்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி 1953-ல் தன் முதல் ஸ்பிட்பயரை வெளியிட்ட காலந்தொட்டு உலகெங்கும் செல்வாக்குப் பெற்ற அளவு அது. முப்பத்தாறு அடிக்கு மேல் இறக்கை விரித்த ஸ்பிட்பயர் அந்த அளவில் ஒரு சாணுக்கும் குறைந்துபோகும். அவரெதிரில் விமானம் என்று வாயெடுத்தவர் எளிதில் எழுந்து போக முடியாது. 1942 ஏப்ரல் 4-ம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கட்டலீனா ஒன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியதும், மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின்மீது குண்டு விழுந்ததும், 1944-ல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்ததும் ஒவ்வொன்றாக வெளிவரும். ஜப்பானியரின் செஞ்சூரியனோடு மயங்கலாகாது என்பதற்காக இந்தப் பிரதேசத்துப் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கி இருவகை நீலம் மட்டும் வைத்தார்கள் என்ற நுட்பத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்குக் கொடுத்த தேநீர் ஆறிப்போயிருக்கும்.

ஆனால் சரித்திரம் அவருக்கு முகவுரைதான். அவருடைய சித்தாந்தம் வேறு: வர்ணம் ஒட்ட வேண்டும். முன்பொருமுறை ஸ்பிட்பயரின் சிறகில் மண்ணிறம் பூசி, காய்ந்தது என்று நம்பி, பச்சை பூசும் பொருட்டு அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பச்சையும் பூசி முடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு டேப்பை மெள்ள உரித்தபோது, மண்ணிறம் முழுவதும் தோலோடு கழன்று டேப்போடு வந்துவிட்டது. சிறகோ பெட்டியிலிருந்து வந்த சாம்பல் நிறத்தோடு பளிச்சென்று நின்றது. அன்று தொடங்கியது அவருடைய விரதம்.

காரணத்தை அவர் விளக்கக் கேட்க வேண்டும். உருக்கிய பொலிஸ்டைரீன் உலோக அச்சைவிட்டுச் சுலபமாகக் கழன்று வரும்பொருட்டு அச்சிலே ஒருவகை வழுக்குப் பொருள் தடவுவது உண்டாம். அதில் கொஞ்சம் துண்டுகளோடு கூடவே வந்துவிடும். போதாததற்கு நம் கைவிரல்களின் எண்ணெய். இவை இருக்குமிடத்தில் நீரிலே கரைத்த அக்ரிலிக் வர்ணத்தைப் பூசினால், அது பரவமாட்டேன் என்று முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பரவினாலும் பிற்பாடு உரியும். ஆகவே விமானத்தின் சகல அங்கங்களுக்கும் முதலில் ஸ்நானம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கி. சிறகு, வால், விமானியின் ஆசனம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, துடைத்தால் தும்பு ஒட்டும் என்று துடைக்காமல், வெள்ளைத் துணிமேல் பரப்பிக் காற்றிலே உலர்த்துவார். சிறு துண்டுகள் தொட்டியின் துவாரத்தில் ஓடிவிடாதபடி சமையலறையின் தேயிலை வடியை எடுத்துப்போய் வைத்திருப்பார்.

"பாருங்கண்ணே," என்று அவருடைய மனைவியார் ஒருநாள் என்னிடம் சொன்னார், "முப்பது வருஷமா ஒரு டீக்கோப்பை கழுவத் தெரியாத மனுசன், பிளேனுக்குப் பல் விளக்கி விடுறாரு."

ஸ்நானமான பிறகு பிரைமர். வழவழப்பான பிளாஸ்டிக்கில் வர்ணத்துக்குப் பிடிப்பு இல்லை. பிரைமர் அந்தப் பிடிப்பைக் கொடுக்கும். லாக்கர் வகைப் பிரைமரில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலைச் சற்றே இளக்கி அதனுள் பற்றிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் ஆணித்தலை முதலான நுண்வேலைப்பாடுகளெல்லாம் இளகி மறைந்து, சிறகு உருகிய மெழுகாகும் என்பதையும் நம்மவர் கண்டறிந்திருக்கிறார். கண்டறிந்த ஹரிக்கேன் அலுமாரியின் பின்தட்டில் இருக்கிறது. தூரத்திலிருந்து தெளித்தால் வர்ணம் காற்றிலேயே காய்ந்து மாவாக விழும்; கிட்ட நின்றால் வழிந்தோடும். எனாமலோ காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி நிதானமாக இறுகுவது. தொட்டால் ஒட்டாதே தவிர உள்ளே பல நாள் பச்சையாகவே இருக்கும், அதன்மேல் அவசரப்பட்டு லாக்கரைப் பூசினால் சுருங்கி வெடித்துவிடும்.

இத்தனைக்கும் மேலாகக் கண்டியின் ஆகாயம். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டுக்கும் மழை கொடுக்கும் பாக்கியம் பெற்ற இவ்வூரில், லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, கறுப்பு விமானம் வெண்பனி பூத்து நிற்கும். ஆதலால் அறைச்சுவரில் ஈரமானி ஒன்றை மாட்டி, மற்றவர்கள் பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் பார்ப்பது போல நம்மவர் நாளொன்றுக்குப் பலமுறை அதன்முன் போய் நிற்கிறார். அது பெரும்பாலும் எண்பதுக்கு மேலேதான் காட்டுகிறது. என் தனிப்பட்ட அபிப்பிராயத்தில் அது அவருக்கு உள்ளூரச் சந்தோஷமே. பூசாத வர்ணம் ஒருநாளும் உரிவதில்லையல்லவா?

வர்ணம் கிடைப்பதும் இலேசல்ல. லண்டனிலுள்ள மருமகன் லீவில் வரும்போது ஹம்ப்ரோல் எனாமலில் 14 மில்லிலீற்றர் டின்கள் சில கொண்டுவரும்படி கேட்டிருந்தார். தீப்பற்றும் பொருளாதலால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று பதில் வந்தது. விமானத்துக்குப் பூசும் வர்ணத்தை விமானத்தில் ஏற்ற முடியாத இந்த உலக நியாயத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

எசலப் பெரஹரா காலத்தில் அவருடைய துன்பம் உச்சத்தை அடையும். கொப்பரைத் தீப்பந்தங்களின் புகை மலையேறி வந்து ஈர வர்ணத்தில் படியுமோ என்ற விசாரம் ஒரு பக்கம். யானை பார்க்க வந்து வீட்டில் தங்கும் பதுளைச் சொந்தக்காரர்கள் மறுபக்கம். சென்ற முறை, கழுவி உலர்த்தி ஒட்டிப் பிரைமருக்காகக் காத்திருந்த கட்டலீனாவை, நெய்ப் பலகாரத்தை அப்போதுதான் முடித்திருந்த ஒரு சிறுவன் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, "தாத்தா, இது பறக்குமா?" என்று கேட்டான். ஏறக்குறைய ஒன்றரை அடிச் சிறகு முழுவதிலும் ஐந்தைந்து விரல்கள். நம்மவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பஸ் ஏறியதும் கட்டலீனா மறுபடியும் குளியலறைக்குப் போயிற்று.

இப்படிப்பட்டவரிடம் வீட்டுக் கேட்டின் துருவைப் பற்றி மனைவியார் சொன்னதுதான் விபரீதம். துருவைச் சுரண்டி, எண்ணெய் நீக்கி, பிரைமர் பூசி, ஈரம் குறைந்த நாள் பார்த்தல்லவா இரும்புக்கு வர்ணம் தீட்ட வேண்டும்? மாசி மாதம் வரட்டும் என்றார். மாசி வந்தது, சிவராத்திரியும் போயிற்று. ஒரு தூறல் மத்தியானம், நம்மவர் சந்தைக்குப் போயிருந்த வேளையில், கட்டுகஸ்தோட்டை வீதி டிங்கரிங் கடையில் காருக்கு மையடிக்கும் பையனை அம்மையார் அழைப்பித்தார். அவன் அரத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்து, தினரில் நனைத்த பழந்துணியால் துடைத்து, பச்சை மையை அடித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விட்டான்.

இரண்டு மழைக்காலம் கழிந்தும் அது உரியவில்லை. இருட்டிய பிறகு நம்மவர் மாஸ்கிங் டேப்புடன் கேட்டடிக்குப் போய், ஒட்டி, அழுத்தி, சடக்கென்று இழுத்துப் பார்த்ததை அயல்வீட்டார் கண்டிருக்கிறார்கள். டேப் வெறுமையாகத்தான் வந்ததாம். "அந்தப் பையன் எந்தத் தினர் பாவிச்சான்னு ஒருக்காக் கேட்டு வை" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.