மடக்குக்கத்தியின் தரம் காணும் முறை: காயல் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

கத்தியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கொலை வழக்குச் செய்திகளே. சட்டைப் பையில் மடங்கிக் கிடந்து, மாம்பழம் நறுக்கி, பார்சல் கயிறு அறுத்து, பென்சில் சீவி, யார்மீதும் ஒரு கீறலும் போடாமல் வாழ்ந்து முடிக்கிற பேனாக்கத்தியைப் பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம் காயல்பட்டினம். ஆய்வெல்லை, ஓய்வுபெற்ற ரத்தினக்கல் வியாபாரியான என் சாச்சாவின் (சிற்றப்பாவின்) பீரோவில் கத்திகள் இருக்கும் இரண்டாம் தட்டு. மேல்தட்டில் சாச்சியின் பட்டுச்சேலைகள் இருப்பதால் அது ஆய்வாளரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

காயல் ஏன் என்று கேட்கலாம். இந்த ஊரில் கத்தி செய்கிறவர்கள் என்று தனியாக யாரும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் கல் வியாபாரத்துக்குப் போய்வந்த ஊர் இது. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது, அடுத்து உதட்டைப் பிதுக்குவது, விலையைக் கடைசியில் கேட்பது என்பது இங்கே பிறவிப் பழக்கம். அந்தக் கண் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் போக மிச்ச நேரத்தில் கத்தியைப் பார்த்தது. அவ்வளவுதான்.

முன்னோடிச் சான்றுகளுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, 'காயல்' என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, இங்கே எல்லோரும் ஓயாமல் ஒரு இலையை மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்று குறிக்கிறார். வெற்றிலையைப் பார்த்தவர், கூடவே போன பாக்கை எதனால் வெட்டினார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? கத்தி ஆய்வுக்கு நேர்ந்த பேரிழப்புகளில் இது முதலாவது. போலோ சொன்ன காயல் நம் காயல் இல்லை, வடக்கே இருக்கிற பழையகாயல் என்று பிஷப் கால்டுவெல் தீர்ப்புச் சொன்னது இரண்டாவது. அந்தத் தீர்ப்பைச் சாச்சா இன்றுவரை ஏற்கவில்லை.

பாக்குவெட்டி விஷயத்தில் உலகம் அவ்வளவு அசட்டையாக இல்லை. புனேயில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில் விதவிதமான பாக்குவெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கணிதத்தில் வகைக் கோட்பாடு என்ற துறையைத் தொடங்கி வைத்த இருவரில் ஒருவரான சாமுவேல் ஐலன்பெர்க், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், பாக்குவெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேகரிப்பைப் பற்றியே ஹென்றி பிரவுன்ரிக் ஒரு நூல் எழுதினார். உலகத்தின் மிக அருவமான கணிதத்தைச் செய்தவருக்கே ஓய்வு நேரத்தில் பிடித்துப் பார்க்க ஒரு இரும்பு தேவைப்பட்டிருக்கிறது என்றால், ஓய்வுபெற்ற கல் வியாபாரியை நாம் கேலி செய்வது முறையல்ல.

இனி கோட்பாடு. முத்துக்குளித்துறையில் முத்தை இரண்டு கட்டமாகப் பிரித்துவந்தார்கள். முதலில் அளவு. பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் 20 துளை, பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. இது கைவேலை. அதற்குப் பிறகுதான் கண்வேலை. உருட்சியும் ஒளியும் இரண்டுமே நிறைந்தது ஆணி. இரண்டில் ஒன்று லேசாகப் பிசகினால் அணாதாரி. இரண்டுமே கொஞ்சம் பிசகினால் மசங்கு, இன்னும் பிசகினால் கல்லிப்பு. இரட்டையாக ஒட்டிப் பிறந்தது குறுவல். கோணலும் மாணலுமாகக் கொத்தாகக் கிடைப்பது பீசல். மருந்துக்கு இடிக்க மட்டுமே ஆவது தூள். தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அதிலிருந்து வேலையில்லாமல் கிடந்த இந்தச் சொற்களுக்குச் சாச்சா மறுவாழ்வு கொடுத்தார். உருட்சி இருந்த இடத்தில் இணக்கத்தை வைத்தார். ஒளி இருந்த இடத்தில் மெருகை வைத்தார். மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டது.

இணக்கம் என்பது அலகும், அதை அழுத்திப் பிடிக்கும் வில்லும், பிடியும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. மெருகு வெளித்தோற்றம். மெருகு ஏமாற்றும், கந்தூரிக் கடையில் வாங்கிய ஒரு கத்தி முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும், விரித்தால் அலகு ஆடும் பல்லாக ஆடும். ஆகவே சாச்சாவின் சோதனை காதில் தொடங்குகிறது. அலகிலிருக்கும் பள்ளத்தில் பெருவிரல் நகத்தைப் போட்டு இழுக்க வேண்டும். முதலில் வில் முரண்டு பிடிக்க வேண்டும். பாதி வழியில் மனம் மாற வேண்டும். கடைசியில் தானே இழுத்துக்கொண்டு 'டக்' என்று நிற்க வேண்டும். 'டொக்' என்றால் வில்லில் வலு இல்லை. 'க்ரிச்' என்றால் உள்ளே மணல். மூடும்போதும் இதே சத்தம் வர வேண்டும். விரலை எடுத்துவிட்டு மூடுவது நல்லது.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்புகிறார். நீலக்கல்லுக்குள் பட்டு இழை தேடிய அதே பத்து மடங்கு லூப் கண்ணுக்குப் போகிறது. வில்லுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? மூடிய அலகு நட்டநடுவில் படுத்திருக்கிறதா, ஒரு பக்கமாக உரசுகிறதா? கடைசியாகப் பூணும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தால் வருடுகிறார். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று நகத்துக்குத் தெரிந்துவிட்டால் கத்தி ஒரு படி இறங்கும். இந்தக் கட்டத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. பேசினால் மறுபடி முதலிலிருந்து.

பிடிகளைப் பற்றி ஒரு வருத்தம் பதிவு செய்யப்பட வேண்டும். தட்டில் சிப்பிப் பிடி போட்ட கத்தி ஒன்று இருக்கிறது. முத்துக் கடற்கரைக்காரனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அது நம் சிப்பி இல்லை என்று தெரியும்வரை. நம் முத்துச்சிப்பியின் ஓடு மெல்லியது, பிடிக்கு வேண்டிய கனம் அதில் வராது. அதற்கு ஆஸ்திரேலியக் கடலின் பெரிய சிப்பி வேண்டும்.

இனி வெளிநாட்டார். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தி, பல கருவிகள் ஒட்டிப் பிறந்ததால் குறுவல் வகையில் அடங்கும். அதிலுள்ள கார்க் திருகி காயலில் நைலான் கயிற்று முடிச்சு அவிழ்க்கவே பயன்படுகிறது. அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. பிரான்சின் ஒபினெல் எளிமையானது, 1955-இல் வந்த அதன் வளையப் பூட்டு பாராட்டுக்குரியது. ஜப்பானின் ஹிகோனோகாமிக்கு வில்லே இல்லை, பிடிக்கிறவரின் பெருவிரல்தான் வில். 'டக்' சத்தம் வராததால் சாச்சா அதைத் தரம் பிரிக்க மறுத்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறார்.

இந்த ஆய்வின் மையச் சிக்கல் ஷெஃபீல்டிலிருந்து வந்தது. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 1764-இல் பெற்ற முத்திரை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் கிளை வைத்து விற்ற பெயர் அது. பெயர் பெருகியதும் போலிகளும் பெருகின. சாச்சாவிடம் இரண்டு இருக்கின்றன: ஒன்று அசல்; மற்றொன்றில் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்துக் குறைகிறது. அசலில் வில்லோரம் முடி அளவு வெளிச்சம் தெரிகிறது. போலியில் ஒன்றும் தெரியவில்லை. 'டக்' சத்தமும் போலியில்தான் சுத்தம். அசல் அணாதாரியில் இருக்கிறது, போலி ஆணியில்.

பக்கத்து வீட்டுக் கல் வியாபாரி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"காக்கா, டூப்ளிகேட்டைப் போயி ஆணியில வச்சிருக்கீங்களே, நாளைக்கு நம்ம கல்லை எவன் நம்புவான்?"

"டூப்ளிகேட்டு பேருலதான். ஆட்டம் இருந்தாக் காட்டுங்க, இப்பவே இறக்குறேன்."

அவர் கால் மணி நேரம் அசைத்துப் பார்த்தார். காட்ட முடியவில்லை.

பக்கத்து வீட்டாரின் அச்சம் நியாயமானது. 1902-இல் பிரெஞ்சுக்காரர் வெர்னூய் மாணிக்கத்தை உலையில் உருக்கி வளர்க்கும் முறையை வெளியிட்டதிலிருந்து, குறையே இல்லாத கல்லைக் கண்டால் கல் வியாபாரிக்கு வயிறு கலங்கும். குறைதான் மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி. ஆனால் இந்த விதியைக் கத்திக்கு நீட்ட முடியாது என்பதே இவ்வாய்வின் முடிபு. கல்லில் பிறப்பைக் கேட்டாக வேண்டும், ஏனென்றால் கல்லுக்கு வேறு வேலை இல்லை. கத்தியை யாரோ ஒருவன் அரத்தோடு உட்கார்ந்து ராவியிருக்கிறான். முத்திரை குத்தியவன் பொய் சொல்லியிருக்கலாம், ராவியவன் சொல்லவில்லை.

சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆயுத விதிகளின்படி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோதான் உரிமம் வேண்டும். சாச்சாவின் சேகரிப்பில் மிகப் பெரியது ஒரு வாழைப்பழத்தைக்கூட ஒரே வீச்சில் நறுக்காது.

மேலாய்வுக்கான பரிந்துரை ஒன்றே. கொழும்புப் பெட்டியோ ஹாங்காங் பெட்டியோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அடியில் ஒரு மடக்குக்கத்தி கிடக்கிறதா என்று பாருங்கள். தோலுறையில் இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து வில்லைப் பிடித்துக்கொள்ளும்.