டெஸ்க்குக்கு ஒரு மனு

அனுப்புநர்: இதழியல் முதலாமாண்டு மாணவன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், தற்சமயம் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாவது மாடி.

பெறுநர்: உயர்திரு சப்-எடிட்டர் அவர்கள், ஆங்கில நாளிதழ் டெஸ்க் (எந்தப் பேப்பரானாலும் சரி).

பொருள்: தலைப்பில் ஓர் அலகு கூடுதல் இடம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

'ஏ, ஆன், தி' எங்கே போடுவது என்று தெரியாமல் பள்ளிக்கூடம் முழுக்க அடி வாங்கியவன் நான். ரென் அண்ட் மார்ட்டினை பைண்டிங் பிரியப் படித்து, ஒருவழியாகப் போடக் கற்றுக்கொண்டு சென்னைக்கு வந்தால், முதல் வகுப்பிலேயே "தலைப்பில் அதெல்லாம் கிடையாது, வெட்டு" என்றார்கள். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுத வேண்டுமாம். நாளைக்கு நடக்கப்போவதற்கு ஒரு 'டு' போதுமாம். 'அண்ட்' வருமிடத்தில் கமா. இதே தப்புகளைத்தான் ஒன்பதாம் வகுப்பில் நானும் செய்தேன். எனக்குக் கிடைத்தது முப்பத்தாறு மார்க், உங்களுக்குச் சம்பளம்.

வார்த்தைகளோடு நான் பட்ட பாடு தனி. அமைச்சரை எட்டு மணி நேரம் 'கிரில்' செய்தார்கள் என்று படித்த அன்று, எதிர்க்கடைக் கம்பியில் சுற்றும் கோழிதான் கண்ணில் நின்றது. நடிகரைப் போலீஸ் 'குவிஸ்' செய்தது என்றீர்கள். பரிசு யாருக்கு என்று கடைசி வரி வரை தேடினேன். விவசாயிகளுக்கு 'சாப்ஸ்' என்ற தலைப்பைப் பார்த்து ஊருக்குப் போன் போட்டு, "சோப்பு தர்றாங்களாம்ப்பா, வாங்கிட்டீங்களா?" என்றேன். "கடனைத் தள்ளுபடி பண்ணச் சொன்னா சோப்பாடா குடுக்குறாங்க?" என்றார் அப்பா. அரசாங்கம் யோசிப்பதே இல்லை, 'மல்' செய்கிறது. "இன்னிக்கு ராத்திரி உப்புமாவை மல் பண்றேன்" என்று நீங்கள் வீட்டில் ஒரு தடவையாவது சொன்னதுண்டா, ஐயா?

எங்கள் பக்கமும் யோக்கியமில்லைதான். கடலே இல்லாத ஊரிலும் தமிழ்நாட்டுப் போலீஸ் 'வலைவீசி'த்தான் தேடுகிறது. ஆனால் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார், மக்கள் பேசுகிற தமிழில் செய்தி எழுதச் சொன்னார். டீக்கடை பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. உங்கள் தலைப்பு எந்த ஊர்க்காரர் பேசுகிற இங்கிலீஷ்?

கேட்டால் தலைப்புக்கு அகலம் போதாது என்பீர்கள். அந்தக் கணக்கையும் படித்துவிட்டேன். அச்சுக் கோத்த காலத்து ஏற்பாடாம்: சிறிய எழுத்துக்கு ஓர் அலகு, எஃப், எல், ஐ, டி, ஜே ஒல்லி என்பதால் அரை, எம்மும் டபிள்யூவும் குண்டு, ஒன்றரை. பெரிய எழுத்துக்குப் பொதுவாக ஒன்றரை, நடுவில் விடும் இடத்துக்கு அரை. எங்கள் ரேஷன் கடையில்கூட இப்படி நிறுத்துப் போட்டுப் பார்த்ததில்லை.

போன வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் சாவு. இறக்கிவிட்டவர் காண்ட்ராக்டர். கையுறை இல்லை, முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு மட்டும். அப்படி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நான் காண்ட்ராக்டரை முதல் வார்த்தையாக வைத்துத் தலைப்பு எழுதினேன். சிவப்பு மையில் திருத்தி வந்தது: 'டாக்ஸிக் கேஸ் க்ளெய்ம்ஸ் டூ'. ரேஷன் கார்டைக் காட்டி வாங்கிப் போனதுபோல விஷவாயு இரண்டு பேரை 'க்ளெய்ம்' செய்துகொண்டு போய்விட்டது. இனி எஃப்.ஐ.ஆரில் வாயுவின் பெயரைச் சேர்க்க வேண்டியதுதான். தலைமறைவு என்றும் எழுதலாம். காற்றோடு போனவரை எங்கே பிடிப்பது?

உள்ளே இருந்த செய்தியும் அதே கதைதான். செத்தவர்களின் வயது இருந்தது, எந்த ஊர் என்று இருந்தது, உடல்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயின என்று இருந்தது. 'இறக்கப்பட்டனர்' என்ற வார்த்தை இருந்தது. இறக்கியவர் ஐந்தாவது பத்தியில் இருந்தார். தலைகீழ்ப் பிரமிட் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்: இடம் பற்றாவிட்டால் அடியிலிருந்து வெட்டலாம். வெட்டினார்கள்.

'தி' போனால் போகட்டும், அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. நேற்று ராத்திரி மேன்ஷனில் உட்கார்ந்து உங்கள் முறையிலேயே விரல்விட்டு எண்ணினேன். ஆங்கிலத்தில் 'டாக்ஸிக் கேஸ்' எட்டரை அலகு. 'காண்ட்ராக்டர்' ஒன்பதரை. ஒரே ஓர் அலகுதான் கூடுதல். அதை மட்டும் ஒதுக்கித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்