ஒழுகுற சாளை

வா கண்ணு, திண்ணையில உக்காரு. இன்டர்டிசிப்ளினரின்னு என்னமோ சொன்னியே, அத என்ற பேரன் போன வருசமே சொல்லிப்போட்டான். நாக்குச் சுளுக்கிக்கும்னு நான் திருப்பிச் சொல்லல. தமிழ்ல 'பல்துறை ஆய்வு'ங்கறாங்க. பல்லு புடுங்கற எடமாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

அவன் படிக்கிற காலேசுல அதுக்குன்னு ஒரு மையம் தொறந்தாங்க. "அப்பாரு, நீங்களும் வாங்க"ன்னான், போனேன். சுத்தியும் கண்ணாடிச் செவுரு. உக்காந்தா உள்ள இழுத்துக்கற நாக்காலி. எழுதறதுக்கு வெள்ளப் பலகை, அதுல ஒரு கிறுக்கல் இல்ல. ரிப்பன் வெட்ட வந்தவரு முக்கா மணி நேரம் பேசினாரு. மெக்கானிக்கலும் பயாலஜியும் கைகோக்கோணுமாம். கைகோக்க வேண்டிய ரெண்டு புரொபசருகளும் முன்வரிசையில ஆளுக்கொரு கோடியில உக்காந்திருந்தாங்க. பொறவு போண்டா குடுத்தாங்க. மெக்கானிக்கல்காரருக ஒரு மேசை, பயாலஜிக்காரருக ஒரு மேசை. சட்டினி மட்டுந்தான் ரெண்டு துறைக்கும் பொது.

ஏண்டா இப்படின்னு பேரனக் கேட்டேன். சம்பளம் அவிய அவிய துறையில வருதாம். புரமோசனுக்குக் கணக்கு அங்கதான் பாப்பாங்களாம். கட்டுரை எழுதினா ஆரு பேரு மொதல்லன்னு பஞ்சாயத்தாம். நாலு பேரு பொதுவுல மாடு வாங்கின கதைதான் போ. கறக்கற நேரத்துக்கு நாலு சொம்பு வரும். சாணி அள்ள ஒரு கூடை வருமா?

அதுக்காக ஆகாத காரியம்னு நான் சொல்லல. ஆன எடம் ஒண்ணு இருக்குது. பேரன்தான் போன்ல படம் காட்டினான். அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம், ஆத்துக்கு அக்கட்ட, எம்.ஐ.டி.ன்னு பெரிய காலேசு. அங்க 1943ல, சண்டை நடக்கறப்ப, ராடார் பண்றதுக்கு அவசர அவசரமா ஒரு கட்டடம் எழுப்பினாங்க. மூணு மாடி, அம்புட்டும் மரம். பேரு கூட வெக்கல, நம்பருதான், 20. சண்டை முடிஞ்சு ஆறு மாசத்துல பிரிச்சுப் போடறோம்னு சொல்லித்தான் கட்டினாங்க. எப்பப் பிரிச்சாங்க தெரியுமா? 1998ல. 55 வருசம்! நம்மூருத் தற்காலிக மார்க்கெட்டெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கோணும்.

படத்தப் பாத்தா நம்ம தோட்டத்துச் சாளைதான், சித்த நீளம். வெய்யக் காலத்துல வேக்காடு, குளுருக்குச் சந்துல காத்து. ரூம் நம்பரு ஆருக்கும் புடிபடாது. வழி தப்பினவன் கண்ட கதவத் தட்டுவான். தட்டினவன் சும்மா திரும்புவானா? "நீங்க என்ன பண்றீங்க"ன்னு ஒரு வார்த்தை கேப்பான். அதுலதான் ஆரம்பிக்கும்.

சண்டை முடிஞ்சதும் காலியான எடத்துல, வேற போக்கிடம் இல்லாத துறையெல்லாம் வந்து ஒண்டிக்கிச்சு. அணு ஆராய்ச்சி ஒரு பக்கம், சத்தத்த அளக்கறவிய ஒரு பக்கம். பொம்மை ரயில் உடற பசங்களுக்கும் எடம். பாசைகளோட இலக்கணத்தையே பொரட்டிப் போட்ட நோம் சாம்ஸ்கி இருந்ததும் அந்த மரக்கூட்டுக்குள்ளதான். இலக்கணக்காரருக்கு அடுத்தாப்புல மின்சாரக்காரரு. நம்ம காலேசுல இது நடக்குமா? நடுவுல காம்பவுண்டு வெச்சிருப்பாங்க.

ஜெரல்டு ஜக்கரையாஸ்னு ஒருத்தரு அணுக் கடியாரம் பண்ணினாரு. கருவி ஒசரமாப் போச்சு, மேல இடிக்குது. நீயா இருந்தா என்ன பண்ணுவ? மனு எழுதுவ. கமிட்டி போடுவாங்க. கமிட்டியில டீ குடிப்பாங்க. அங்க மேல இருந்த ரெண்டு தளத்தையும் பேத்துப் போட்டு கடியாரத்த நிமித்தி நிறுத்தினாங்க. எப்படியும் இடிக்கப் போற சாளை, ஓட்டை போட்டா ஆரு கேப்பாங்க?

அமர் போஸ்னு ஒரு பையன். அப்பா வங்காளத்துக்காரரு. இவன் படிச்சது மின்சாரப் படிப்பு. காசு போட்டுப் பாட்டுப் பெட்டி வாங்கினான். புஸ்தகத்துல எழுதின அளவெல்லாஞ் சரியா இருக்குது, காதுல வெச்சா நேர்ல கேக்கற கச்சேரி மாதிரி இல்ல. என்னடா கெரகம்னு சத்தத்த அளக்கறவியகிட்டப் போனான். கடைசியில 1964ல சொந்தமாக் கம்பெனியே போட்டுட்டான். என்ற பேரன் காதுல ரெண்டு சட்டியக் கவுத்தாப்புல மாட்டீட்டுத் திரியறானே, அது அந்தக் கம்பெனிதான். மாட்டிக்கிட்டா வெளிச் சத்தம் கேக்காதாம். கடைக்குப் போடான்னு நான் கத்தறதும் கேக்கறதில்ல. என்ன ஆராய்ச்சியோ!

நீ சிரிக்கற. என்ற கெணத்து மேட்டுக் கதையக் கேளு.

மோட்டாரு ஓடும், நிக்கும். திங்கக்கெழமை காயில் கட்டறவன் வந்தான். காயில் போச்சுன்னு கழட்டீட்டுப் போயிக் கட்டீட்டு வந்தான். மறுக்கா நின்னுச்சு. புதங்கெழமை போர் போடறவன் வந்து தண்ணி எறங்கிப் போச்சுன்னான். வெள்ளிக்கெழமை லைன்மேன், வோல்டேஜு பத்தலைன்னான். மூணு பேருக்கும் கூலி குடுத்தது நானு. சனிக்கெழமை என்ன அதிர்ஷ்டமோ, பாக்கி வாங்க மூணு பேரும் ஒண்ணா வந்தாங்க. பாத்து ஒரு மழை புடிச்சுது. சாளைக்குள்ள ஓடினோம். அது ஓடு ஒடைஞ்ச சாளை, நனையாத எடம் ஒரு கட்டலு அகலந்தான். ஸ்டார்ட்டர் பெட்டி இருந்த மூலை. மூணு பேரும் தோளோட தோள் ஒட்டி நின்னு, ஒருத்தன் தொழில ஒருத்தன் திட்டீட்டிருந்தான். மோரு கொண்டாந்த உங்க ஆத்தா, "ஏனுங்க, அந்தப் பொட்டிக்குள்ள எறும்பு சாரை சாரையாப் போகுது, அது ஒண்ணுஞ் செய்யாதுங்களா?"ன்னா. தொறந்து பாத்தா காண்டாக்டுக்கு நடுவுல ஒரு கைப்புடி எறும்பு, பாதி கருகி, பாதி உசுரோட. தொடைச்சு உட்டதும் மோட்டாரு கூவிக்கிட்டு ஓடுச்சு. மூணு பேரும் உடனே அது தாந்தான் கண்டுபுடிச்சதுன்னு ஆரம்பிச்சுட்டானுக. ஆத்தா பேரு எந்தக் கட்டுரையிலயும் வரல.

அந்த 20ஐ இடிச்ச எடத்துல பொறவு என்ன பண்ணினாங்கன்னு கேக்க மாட்டியா? பிராங்க் கெரின்னு பேரு போன கொத்தனாரக் கூட்டீட்டு வந்து, 2004ல ஸ்டாட்டா சென்டர்னு புதுசா ஒண்ணு தொறந்தாங்க. செலவு சுமாரா 30 கோடி டாலர். சாஞ்ச செவுரு, நெளிஞ்ச தகரம், பாத்தா குடிச்சுப்போட்டு நிக்கற மாதிரி. கம்ப்யூட்டர்க்காரரையும் இலக்கணக்காரரையும் மறுபடி ஒரே கூரைக்குள்ள வெச்சாங்க. நல்ல ரோசனைதான். ஆனா 2007ல காலேசே அந்தக் கொத்தனாரு மேல கேசு போட்டுது. தண்ணி ஒழுகுது, செவுரு விரியுது, பூசணம் புடிக்குதுன்னு. மூணு வருசம் இழுத்து சமாதானமாப் போனாங்க.

இதச் சொல்லிப்போட்டுப் பேரன் உழுந்து உழுந்து சிரிச்சான். எனக்கென்னமோ சிரிப்பு வரல. நேத்து ராத்திரி போன் பண்ணி, "ஏன் சாமி, உங்க மையத்துல எங்கியாச்சும் ஒழுகுதா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க அப்பாரு, எல்லாம் புதுசு, ஒரு சொட்டு எறங்காது"ன்னான் பெருமையா.

"அடப் பாவமே"ன்னேன். "வாட்ச்மேன்கிட்ட ஒரு ஏணி கேளு. புரொபசருக ரெண்டு பேரும் உக்கார்ற பக்கமாப் பாத்து, ரெண்டு எடத்துல ஓட்டை போட்டு உடு."